உள்ளே எட்டுதான்

"ஃபைல் பேரெல்லாம் வரிசையா தெரியுது, திறந்தா மட்டும் ஒண்ணும் வரல. எத்தனை தடவைதான் நான் கடையைப் பூட்டிட்டு உங்ககிட்ட ஓடி வர்றது?" என்று ரிப்பேர்காரரிடம் எரிந்து விழுந்தார் அவர்.

ரிப்பேர்காரர் பென் டிரைவை மேசை மேல் வைத்தார். "சார், இது டூப்ளிகேட். மேல ஐந்நூறு ஜிபின்னு போட்டிருக்கு. உள்ளே எட்டுதான். எட்டு நிறைஞ்சதும் பழைய ஃபைல் மேலேயே புதுசை எழுதிடும். பேர் மட்டும் மிஞ்சும். அழிஞ்சதை யாராலயும் மீட்க முடியாது."

"என் மக முதல் முதலா நடந்த வீடியோ அதுல இருக்குப்பா."

"இருந்துச்சு சார்."

அவருக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. "இதையெல்லாம் விக்கிறவன் மனுஷனா? அவனுக்குப் பிள்ளை குட்டி கிடையாதா?"

"எங்க வாங்கினீங்க?"

"என் பொண்டாட்டியைத்தான் கேக்கணும். மலிவா கிடைக்குதுன்னு எங்கேயாவது போய் ஏமாந்திருப்பா." போனை ஸ்பீக்கரில் போட்டார். "அந்தப் பென் டிரைவை எவன்கிட்ட வாங்கின? சொல்லு, இப்பவே போய் அவன் சட்டையைப் பிடிக்கிறேன்."

"வாங்கலையேங்க," என்றாள் மனைவி. "நம்ம கடை ஷோகேஸ்ல இருந்துதான் எடுத்தேன். அன்னைக்கு நான் சாப்பாடு கொண்டு வந்தப்போ ஒருத்தர்கிட்ட சொல்லிட்டிருந்தீங்களே, 'குழந்தை வீடியோவா? கண்ணை மூடிட்டு இதுல போடுங்க, ஆயுசுக்கும் அழியாது'ன்னு. அதை நம்பித்தான் போட்டேன்."