வெறுமையாக விட்ட கட்டம்

இரஞ்சிதம் ரீச்சர் நிரப்பிக் கொடுத்த தாள்களைப் பார்க்கப் பார்க்கத் தலைமை ஆசிரியர் கதிர்காமநாதனுக்குச் சந்தேகம் முற்றிக்கொண்டே போனது.

பிள்ளைகளின் மனநிலையை அறியக் கல்விக் கந்தோர் அதிகாரிகள் அனுப்பிய தாள்கள் அவை. பயப்படுகிறதா, ஒதுங்கி இருக்கிறதா, தொட்டதற்கெல்லாம் அழுகிறதா என்று வகுப்பாசிரியர் புள்ளி போட வேண்டும். புள்ளி கூடினால் பிள்ளைக்கு மனக்குழப்பம். திங்கள் முதல் வெள்ளி வரை, அடுத்தடுத்த இரண்டு கிழமைகளுக்குப் போடச் சொல்லியிருந்தார்கள்.

முதல் கிழமை மூன்றாம் வகுப்பில் ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் கிழமை வகுப்பு முழுவதற்கும் மனக்குழப்பம்.

அவருக்கா விளங்காது? யாழ்ப்பாணத்திலிருந்து இந்த வன்னிக் குடியேற்றத் திட்டத்துக்கு வருகிற ரீச்சர்மார் எல்லாரும் இடமாற்றத்துக்கு வழி தேடுகிறவர்கள்தான். வயிற்றுவலி, தாய்க்குச் சுகமில்லை என்பார்கள். வகுப்பையே பைத்தியமாக்கிக் காட்டும் கெட்டித்தனத்தை இப்போதுதான் பார்க்கிறார்.

பிரம்பைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, தாள்களோடு வகுப்புக்கே போனார். கதவடி வரைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் தலை தெரிந்ததும் கப்சிப். முன் வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமியின் கையிலிருந்து சிலேட்டு நழுவி விழுந்தது.

இவ்வளவு அடக்கமான பிள்ளைகளுக்கா மனக்குழப்பம்? அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ரீச்சரை வெளியே கூப்பிட்டார்.

"ஒரு கிழமைக்குள்ள வகுப்பு முழுக்கக் குழம்பிப் போச்சோ, ரீச்சர்?"

"ஓம், சேர்."

"இடமாற்றம் கேக்கப் போறியளோ?"

"இல்லை, சேர். நான் இஞ்சதான் இருப்பன்."

"பொய்ப் புள்ளி போட்டதெண்டு நான் மேல எழுதினா உங்கட வேலை போகும், தெரியுமே?"

"தெரியும், சேர். நான் பொய் போடேல்லை."

"அப்ப இதென்ன? வித்தியாசத்துக்குக் காரணம் எழுதுற கட்டம் வெறுமையாக் கிடக்கு. இல்லாத காரணத்தை எப்பிடி எழுதுறது, என்ன?"

ரீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கந்தோருக்குப் போற தாளில அதை எழுத மனம் வரேல்லை, சேர்."

'அகப்பட்டுக்கொண்டாள்' என்று நினைத்தார் கதிர்காமநாதன். தாளைச் சுவரில் வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"உங்களுக்கு மனம் வராட்டிச் சொல்லுங்கோ. நான் எழுதுறன்."

ரீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"முதல் கிழமை முழுக்க நீங்கள் காய்ச்சலெண்டு வீட்டில நிண்டனீங்கள், சேர். அடுத்த கிழமைதான் பள்ளிக்கூடம் வந்தனீங்கள்."