ஒழுகாத குழாய்

உலைக்குள் பித்தளை உருகித் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பழைய சாமான்களைத் தூக்கி அதற்குள் போடுவது இடுக்கியின் வேலை. அன்று ஒரு பழைய பித்தளைக் குழாயைத் தூக்கியதும் உள்ளே ‘களக்’ என்று சத்தம் கேட்டது.

“தம்பி, வாயில தண்ணி வச்சிருக்கியா?” என்று கேட்டது இடுக்கி.

“ம்ஹூம்” என்றது குழாய், வாயைத் திறக்காமல். கடைசி வாய்த் தண்ணீரை வெளியே விட அதற்கு மனமில்லை.

“அண்ணே, அவனை நம்பாதீங்க!” என்று அலறியது உலை. “ஒரு சொட்டு உள்ளே வந்தாலும் நான் வெடிச்சிடுவேன். கொதிக்கிற பித்தளை எல்லார் மேலயும் தெறிக்கும்!”

இடுக்கி குழாயை நாலடி தள்ளிக் கொண்டுபோய்க் கெஞ்சியது. காதைப் பிடித்துத் திருகிப் பார்த்தது. குழாய் மசியவில்லை.

“வாயில என்னடா, கொழுக்கட்டையா?” என்று திட்டியது உலை.

இடுக்கி கொஞ்சம் யோசித்தது. பிறகு உலையைப் பார்த்து, “விடுப்பா, பாவம். இவன் ஓயாம ஒழுகுவானாம். அதனாலதான் வீட்டுக்காரங்க கழற்றிப் போட்டுட்டாங்களாம்” என்றது.

“எவன் சொன்னான்?” என்று பாய்ந்தது குழாய். “முப்பது வருஷத்துல ஒரு சொட்டு ஒழுகியிருப்பேனா நான்?”

அது கேட்டு முடிப்பதற்குள் இடுக்கியின் காலெல்லாம் நனைந்துவிட்டது.