முதல் வெட்டு

"காத்துல ஈரம் இருந்தா தகடு வெட்டுற டார்ச் முனை கருகிரும் வே. மொதல்ல கம்ப்ரஸர் அடியில இருக்க இந்தத் திருகைத் தொறந்து தண்ணியை வடிச்சிரணும்" என்றான் எஸ்றா.

காஜா முகைதீன் குனிந்து திறந்தான். துருத்தண்ணி சீறிக்கொண்டு வந்தது. ஒரே ஷெட்டில் ஆளுக்கொரு பக்கம் கிரில் கேட் அடித்துப் பிழைத்தவர்கள்தான் இருவரும். ஆனால் எஸ்றா தொழில் சொல்லிக்கொடுப்பது இன்றைக்குத்தான் முதல் தடவை. ஒரு டிரில் பிட் இரவல் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷன் அவன்.

இந்தத் திடீர் தாராளத்துக்குக் காரணம் இருந்தது. வண்ணார்பேட்டையில் அந்த ஷெட் டார்லினுடையது. அப்பா ஞானசிகாமணி காலமான பிறகு வாடகையோடு நிறுத்திக்கொண்டிருந்தவள், இப்போது தானே தொழிலில் இறங்கி, இரும்புத் தகட்டை மின்தீயால் வெட்டுகிற பிளாஸ்மா கட்டர் ஒன்றை வாங்கிவிட்டாள். "மிஷினுக்கும் மேசைக்குமே பாதி ஷெட் போயிரும். இனி ஒருத்தருக்குத்தான் இங்கன இடம்" என்று போன வாரம் இருவரையும் நிறுத்திவைத்துச் சொன்னாள். யாருக்கு என்று மட்டும் சொல்லவில்லை.

எஸ்றா கணக்குப் போட்டுப் பார்த்தான். த்ரீ பேஸ் கரண்டோடு இந்த வாடகைக்கு ஊரில் வேறு இடம் ஏது? திரும்பவும் அரபு நாட்டுத் தம்மாமுக்குப் போகலாம் என்றால் இந்த வயதில் எவன் விசா கொடுப்பான்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் டார்லினை ஓரமாகக் கூப்பிட்டு, "காஜா நம்ம கரண்டுல வெளி வேலை பாக்குதாம்மா, கவனிச்சுக்கிடுங்க" என்று கூசாமல் ஒரு பொய்யைப் போட்டு வைத்தான்.

மறுநாளே அவளிடமிருந்து போன் வந்தது. "அண்ணாச்சி, தம்மாம்ல இந்த மிஷினை ஓட்டுனவுக நீங்கதான. வந்து மாட்டிக் குடுங்க."

வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது அவனுக்கு.

இன்று காலையில் வந்து பார்த்தால், வாசலுக்கு மேலிருந்த இரண்டு தகட்டுப் பெயர்ப் பலகைகளையும் காணோம். காஜாவுடையது பச்சை, எஸ்றாவுடையது வெள்ளை. முன்பக்கம் பெயிண்ட் அடிக்கக் கழற்றியதாக டார்லின் சொன்னாள். காஜா என்னவோ எஸ்றாவின் முகத்தை ஏறிட்டே பார்க்கவில்லை. 'தான் போகப் போற சேதி ஆளுக்குத் தெரிஞ்சிட்டு போல' என்று எஸ்றா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

டார்லின் செல்போனில் வீடியோ எடுக்கத் தொடங்கினாள். "காஜாண்ணனுக்கும் எல்லாத்தையும் பைய சொல்லிக் குடுங்க அண்ணாச்சி. எங்கன இருந்தாலும் உதவும்லா."

போகிறவனுக்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது? எஸ்றா வாரி வழங்கினான். காற்று எவ்வளவு வைக்கணும், எந்தத் தகட்டுக்கு எத்தனை ஆம்ஸ் கரண்ட், டார்ச்சை என்ன வேகத்தில் இழுக்கணும் என்று, தம்மாமில் ஒரு பிலிப்பைன்ஸ்காரனிடம் வசவு வாங்கிக் கற்றதை எல்லாம் கொட்டிவிட்டான். நடுவில் சட்டைக் காலரை ஒருதரம் சரிசெய்துகொண்டான், வீடியோ ஆயிற்றே.

மேசையில் ஒரு தகடு குப்புறக் கிடந்தது. "வேண்டாத தகடுதான், மொத வெட்டை இதுல போடுங்க" என்றாள் டார்லின். நான்கு மூலையிலும் ஆணி ஓட்டை. இரண்டு பலகைகளில் ஒன்று என்று பார்த்ததுமே எஸ்றாவுக்குப் புரிந்துவிட்டது. யாருடையது என்றுதான் தெரியவில்லை.

கறுப்புக் கண்ணாடியை மாட்டினான். அதை மாட்டினால் பட்டப்பகலிலும் எல்லாமே பாசி பிடித்த கிணற்றுக்குள் கிடப்பது மாதிரிதான் தெரியும். மெயினைப் போட்டதும் மிஷின் உறுமியது. டார்ச்சை அமுக்கினான். நாலு பொறியைத் துப்பிவிட்டு அணைந்தது.

"எர்த் புடிக்கல. அடியில பெயிண்ட் இருக்குல்லா, அதான். பெயிண்டைச் சொரண்டாம எர்த் கிளிப்பை மாட்டுனா தீ நிக்காது, பாத்து வச்சுக்கிடும் வே."

கண்ணாடியைக் கழற்றாமலே தகட்டின் அடியில் கையை விட்டு ஓரத்தைச் சுரண்டினான். கையுறையில் உதிர்ந்த பெயிண்ட் பச்சையாகத் தெரிந்தது.

அவ்வளவுதான், எஸ்றாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் கை கொஞ்சம் தயங்கியிருக்கும். இவன் காஜாவைப் பக்கத்தில் கூப்பிட்டான்.

"வாரும் வே, கிட்ட வந்து நில்லும். நேர் கோடா எப்படி வெட்டுதேன்னு பாரும்."

"இது வேண்டாம் வே. வேற தகடு எடுத்துக்கிடுவோம்." காஜா மூலையில் கிடந்த துண்டுத் தகட்டை எடுக்கப் போனான்.

"அட, சும்மா நில்லும் வே!"

ஆசை தீர இழுத்தான். பொறி பறந்தது. ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை பிசிறில்லாமல் பிளந்து, தகடு இரண்டு துண்டாகத் தரையில் விழுந்தது.

டார்லின் வீடியோவை நிறுத்தினாள். "எல்லாம் புடிபட்டுட்டா, காஜாண்ணே? நாளைக்குத் தனியா ஓட்டிருவீங்களா?"

காஜா குனிந்த தலையை நிமிர்த்தாமலே ஆமென்று ஆட்டினான்.

எஸ்றாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போறவர்ட்ட போயி ஏம்மா இந்தக் கேள்வி?"

"கண்ணாடியைக் கழட்டிட்டு, தகட்டைத் திருப்பி உங்க பேரை வாசிங்க, அண்ணாச்சி."