கடவுள் ஏறிய வண்டி

"கடவுள் என் லாரியில ஏறினாருங்க. பன்னெண்டு மைல் வந்தாரு. போற வழிதானேன்னு வாடகைகூட நான் கேக்கல!"

சென்னியப்பன் இதைச் சொன்னதும் நாமக்கல் லாரிப் பட்டறையில் ரம்பம், சுத்தியல், வெல்டிங் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. அடுத்த நொடி எழுந்த சிரிப்பில், தகரக் கூரையில் உட்கார்ந்திருந்த காக்கைகள் மோகனூர் வரை பறந்துபோய், காவிரியில் தண்ணீர் குடித்த பிறகுதான் திரும்பி வந்தன.

பெயிண்டர் மருதாசலம் ஏணியிலிருந்து குனிந்து பார்த்தார். லாரியின் நெற்றிப் பலகை புதுச் சிவப்பில் பளபளவென்று வெறுமையாக இருந்தது. அதில் 'கடவுள் ஏறிய வண்டி' என்று எழுதச் சொல்லித்தான் சென்னியப்பன் காலையிலிருந்து மல்லுக்கு நின்றார்.

"முடியாதுங்கண்ணா. போன வருசம் 'இமயம் தொட்ட வண்டி'ன்னு எழுதச் சொன்னீங்க, எழுதினேன். இந்த வண்டி ஏற்காடு மலைகூட ஏறினதில்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ரோட்டுல பாத்தவனெல்லாம் என்னையப் புடிச்சுக் கேக்கறான். இந்தத் தடவை சாட்சி இல்லாம பிரஷ்ஷை எடுக்க மாட்டேன்."

"சாட்சிக்கு யாரைக் கூப்புடறது?"

மருதாசலத்தின் பிரஷ், கீழே பலகை இழைத்துக்கொண்டிருந்த மதலைமுத்துவை நோக்கி நீண்டது. வாரத்தில் ஆறு நாள் பட்டறையில் தச்சு வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். பொய் என்று தெரிந்தால் சொன்னவனையே இழைப்புளியில் சீவிவிடுவார்.

"உபதேசியார் ஒத்துக்கிட்டாருன்னா எழுதறேன்."

சென்னியப்பனின் முகம் சுருங்கியது. இருபது வருஷமாக அவர் சொல்வதை எவனும் நம்பியதில்லை. நியாயம்தான். அவர் அளந்ததையெல்லாம் ஏற்றினால் பத்து டன் லாரியும் அச்சு முறிந்து படுத்துவிடும். ஆனால் இந்த ஒன்றாவது நிஜம் என்று ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும், அதுவும் ஆயில் பெயிண்டில்.

"மாமியாருக்கு இப்ப எப்படிங்க, உபதேசியாரே?" என்று பவ்யமாக ஆரம்பித்தார்.

"போன வெள்ளிக்கிழமையே போயிருக்க வேண்டிய கட்டை. இப்ப எந்திரிச்சு உக்காந்துக்கிட்டுக் கோழிக்குழம்பு கேக்குது. குழம்புல உப்பில்லைன்னு என்னையத் திட்டுது. பேச்சை மாத்தாதீங்க கவுண்டரே! கடவுள் வண்டியில எங்க உக்காந்தாரு?"

"முன்னாடிதானுங்க. எனக்குப் பக்கத்துல."

"என்ன உசரம் இருப்பாரு?"

"சட்டைப் பையில அடங்கற உசரந்தானுங்க."

பட்டறை மறுபடி அதிர்ந்தது. ஒருவன் சிரித்துச் சிரித்து ஆணி டப்பாமீதே உட்கார்ந்து, அலறி எழுந்து, அதற்கும் சேர்த்துச் சிரித்தான்.

"வானத்தையும் பூமியையும் படைச்சவரு சட்டைப் பையிலயா? சரி, எடை?"

"வண்டி ஒரு நூல்கூட எறங்கலீங்க."

"என்ன பேசினாரு?"

"ஒரு வார்த்தை பேசலீங்க. பன்னெண்டு மைலும் நானேதான் பேசிட்டு வந்தேன்."

"இது மட்டும் நம்பற மாதிரி இருக்குது" என்றார் மருதாசலம் மேலிருந்து.

"எங்க எறங்கினாரு?"

"உங்க ஊர்லதானுங்க."

மதலைமுத்து உளியை ஓங்கிப் பலகையில் குத்தினார். "எங்க ஊருக்கே கடவுள் வந்து, உபதேசியாரு எனக்குத் தெரியாம போயிருமா? ஏனுங்க கவுண்டரே, பொய்யைக்கூடக் கொஞ்சம் பாத்துச் சொல்லக் கூடாதா? மருதாசலம், எழுதாதே! பலகைக்குப் பாவம் புடிச்சுக்கும்!"

மருதாசலம் பெயிண்ட் டப்பாவை மூடிக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கத் தொடங்கினார். சென்னியப்பன் பாய்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டார்.

"இருப்பா, நான் இன்னும் முடிக்கல! உபதேசியாரே, வண்டியை நிறுத்தினேனுங்களா, ஒரு ஆளு மெழுகுவத்தியும் மணியுமா ஓடியாந்து, கொட்டற மழையில, சேத்துல மண்டி போட்டு, தலையைத் தரையோட வெச்சுக் கும்பிட்டாருங்க. இருபது வருசத்துல என் வண்டியைப் பாத்துத் திட்டினவன் உண்டு, கும்பிட்டவன் கெடையாது. 'இந்தாளு யாரையுங்க கும்பிடறாரு?'ன்னு பக்கத்துல இருந்த உங்க பங்குச் சாமியாரைக் கேட்டேன். புல்லட்டு பஞ்சராகி ரோட்டுல நின்னவரை நான்தான ஏத்திட்டு வந்தேன். வழியெல்லாம் சட்டைப் பையைக் கையால பொத்திக்கிட்டுப் பேசாம வந்த மனுசன், அப்பத்தான் வாயைத் தொறந்தாரு. 'கடவுளை'ன்னாரு."

பட்டறையில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் மதலைமுத்துவைப் பார்த்தார்கள்.

போன வெள்ளிக்கிழமை சாகக் கிடந்த மாமியாருக்காகச் சாமியாரின் சட்டைப் பையில், சின்னச் சிமிழில் வந்த நற்கருணை அது. 'பார்க்கத்தான் அப்பம், வெறும் அடையாளமில்லை, ஆண்டவரேதான்' என்று முப்பது வருஷமாகப் பிரம்போடு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருபவர் அவர். அன்றைக்குச் சேற்றில் மண்டி போட்டவரும், எந்த வண்டி என்று தலை நிமிர்ந்து பார்க்காதவரும் அவரேதான். முழங்காலைக் குனிந்து பார்த்தார். வேட்டியில் அந்தச் சேற்றுக் கறை இன்னும் போகவில்லை.

"எழுதுப்பா மருதாசலம்" என்றார் மதலைமுத்து. "ஏறினாரு."