மவுஸில் பழுது

"பொயின்டர் நடுங்குது நானா. நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு முன்னம் இது என்னெண்டு தெரியவேணும்," என்றார் யேசுராஜா. மகனுடைய மவுஸை எடுத்துக்கொண்டு, கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு பஸ் ஏறி வந்திருந்தார்.

கேம் சாமான் கடை ராசிக் சிரித்தார். "இந்த வயசிலயும் மெட்ச்சா? பீசியிலயா, கொன்சோல்லயா?"

"ரெண்டிலயும் பார்த்தன். ரெண்டிலயும் நடுங்குது."

"போலிங் ரேட் ஆயிரத்துல ஈக்குது. கை எங்க போகுதுண்டு செக்கனுக்கு ஆயிரம் தரம் சொல்லும். சில கொன்சோலுக்கு அது கூடிப்போகும். ஐந்நூறாக்கிப் பார்ப்பம்."

ஐந்நூறாக்கியதும் யேசுராஜா திரையில் ஒரு கோடு இழுத்தார். கோடு நெளிந்தது. நூற்றிருபத்தைந்துக்கு இறக்கியும் நெளிந்தது.

"மவுஸ்தான் பழுதெண்டு சொல்லுங்க நானா." யேசுராஜா மவுஸை நீட்டினார்.

ராசிக் மவுஸை வாங்கித் தானே இழுத்தார். அடிமட்டம் வைத்தது போல் நேர்கோடு விழுந்தது. "மவுஸ்ல ஒரு பழுதும் இல்ல," என்றவர், யேசுராஜாவின் வலக்கையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

யேசுராஜாவின் போன் அடித்தது. எடுத்தபோது விரல் தடுமாறி ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

"அண்ணே, நான் பிரதீஸ், துறைமுகத்தில இருந்து. நாளைக்கு ஏழு மணிக்குக் கப்பல். கொன்டெய்னர் இறக்குற கிரேன்ல உங்களைத்தான் போட்டிருக்கு. கீழ நிக்கிற நாங்க ஒம்பது பேரும் கேட்டு வாங்கினது. உங்கட கை எண்டா, எங்களுக்கு மேல பார்க்கவே தேவையில்ல."