சாத்துக்குடிப் பை

இடுப்பு வலி தாங்காமல் வால்பாறையிலிருந்து பஸ் ஏறி, வீட்டிலேயே வைத்தியம் பார்க்கும் கோயமுத்தூர் டாக்டரிடம் முதல் தடவையாக வந்திருந்தாள் சூசைமேரி. இங்கே என்னடாவென்றால், டோக்கனோடு உள்ளே போகிறவர்கள் போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தர் கையிலும் மருந்துச் சீட்டு இல்லை.

"ஏனுங்க, கையைப் பிடிச்சுப் பாக்கக்கூட அவருக்கு நேரமில்லீங்களா?" என்று பக்கத்திலிருந்த லட்சுமணசாமியிடம் கேட்டாள்.

"அவரு எப்பவுமே வேகமுங்க. ஆனா நாம உள்ள நுழையறப்பவே நோவைக் கண்டுபுடிச்சுப்போடுவாரு. எம் பொண்ணு இன்னைக்கு உசுரோட இருக்கறது அவராலதானுங்க."

அவர் மடியில் ஒரு பை சாத்துக்குடி. எதிரே இருந்தவரிடம் ஹார்லிக்ஸ் பாட்டில். வாங்குகிற ஃபீஸ் போதாதென்று இது வேறயா என மனசுக்குள் கறுவினாள் சூசைமேரி.

அவள் முறை வந்தது. கதவருகே கம்பவுண்டர் குரலைத் தாழ்த்தினார்.

"பாத்துப்போட்டு சுருக்கா வந்துருங்கம்மா. நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில கெடந்துட்டு நேத்துத்தான் ஊட்டுக்கு வந்தாரு. அவரைப் பாக்கோணும்னு சனம் குமிஞ்சுபோச்சு. அதான் டோக்கன் போட்டுட்டோம்."

உள்ளே கட்டிலில் டாக்டர் சாய்ந்திருந்தார். சூசைமேரி வெறுங்கையோடு தயங்கினாள்.

"நான் இடுப்பு வலிக்கு வந்தேனுங்க. இன்னொரு நாளைக்கு வாரேன்."

டாக்டர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"போயிடாதீங்கம்மா. காலையிலிருந்து அத்தனை பேரும் என் ஒடம்பையே கேட்டுட்டுப் போறாங்க. உக்காருங்க, உங்க ஒடம்பைச் சொல்லுங்க. அவசரமே இல்லை, சாவகாசமாச் சொல்லுங்க."