அமர்ந்திருக்கும் உருவம்

காகிதத்தில் கரித்துண்டால் நாலு வளைவு, ஒரு கோணல் கோடு. தலை எது, கால் எது என்று பிடிபடாத அந்தப் பழைய படத்தின் கீழே 'அமர்ந்திருக்கும் உருவம்' என்ற சீட்டை அப்போதுதான் ஒட்டி முடித்திருந்தார் கண்காட்சிப் பொறுப்பாளர்.

"தப்பு தம்பி. அது நிக்கிற ஆளு," என்றார் பார்க்க வந்த பெரியவர். பக்கத்தில் அவர் மனைவி கைப்பைக்குள் மூக்குக்கண்ணாடியைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"ஐயா, இது எழுபத்தொண்ணு போர் முடிஞ்ச வருஷத்துப் படம். வரைஞ்சவங்களே காகிதத்துக்குப் பின்னாடி எழுதிவெச்ச தலைப்பு."

"எழுதினவங்களுக்கு அப்பவே மறதி ஜாஸ்தி. அந்த ஆளே நான்தான். மூணு மணி நேரம் கால் கடுக்க நின்னேன்."

பொறுப்பாளர் ஒட்டிய சீட்டைத் திரும்பப் பார்த்தார். அதே தலைப்போடு கையேடு வேறு ஐந்நூறு பிரதி அச்சாகி வந்துவிட்டது.

"யாருன்னு தெரிஞ்சா அவங்களையே கேட்டுடலாம். கையெழுத்துன்னு பார்த்தா வெறும் ஒரு சுழிதான் இருக்கு," என்று முனகினார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்ட அம்மாள் படத்தைக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"சீட்டை மாத்தாதீங்க தம்பி. பத்தாவது நிமிஷமே கால் கடுக்குதுன்னு இவர் உட்கார்ந்துட்டார். நான் பார்த்ததைத்தானே வரைய முடியும்?"